டாக்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?



போன வருஷம் ஐப்பசி அடைமழையில் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. எழுபத்து நான்கு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. தாமதிக்கக் கூடாது என்று அன்று மாலையே தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டோக்கன் நம்பர் 37. பெஞ்சில் இடமில்லை. படிக்கட்டு வரைக்கும் இருமல் சத்தம்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டரே இருமிக்கொண்டிருந்தார். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. கண்ணெல்லாம் சிவப்பு.

"என்ன டாக்டர், உங்களுக்குமா?" என்றேன்.

"மூணு நாளா ஃபீவர்மா. டோலோ போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். வெளியில கூட்டத்தைப் பார்த்தீங்கல்ல? எங்க லீவு போடறது?"

மாமியார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க ஒரு ஊசி போட்டுக்கோங்க தம்பி" என்றார். கம்பவுண்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மாமியார் சொன்னது, காய்ச்சல் என்றாலே நாம் கேட்டு வாங்கிக்கொள்கிற அந்த ஊசியை. எனக்கோ வீடு திரும்பும் வழியெல்லாம் இன்னொரு ஊசியின் ஞாபகம். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்கிற ஃப்ளூ தடுப்பூசி. நாளெல்லாம் இருமலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் அதைப் போட்டிருப்பாரா?

அடுத்த மாதம் மாமியாரின் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டப் போனபோது கேட்டே விட்டேன்.

"ஃப்ளூ வேக்சினா? குழந்தைங்களுக்குக் கேட்டா எழுதித் தர்றேன். நமக்கு எதுக்கும்மா? தினமும் நூறு காய்ச்சல்காரங்களைப் பார்க்கறேன். இந்நேரம் எல்லா வைரஸும் என் உடம்புக்குப் பழகியிருக்கும்."

நல்ல மனிதர், கைராசிக்காரர். இரவு பதினொரு மணிக்குப் போன் அடித்தாலும் எடுப்பார். ஆனால் முந்தின மாதம் மூன்று நாள் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்ததை அதற்குள் மறந்துவிட்டார்!

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாண வீட்டில், ரயிலில், அப்பார்ட்மென்ட் மீட்டிங்கில், டாக்டர் என்று யாரைப் பார்த்தாலும் மெதுவாகக் கேட்பேன்: "இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டீங்களா டாக்டர்?" இதைப் பெரிய சர்வே என்று சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் குழந்தைகள் டாக்டர், இன்னொருவர் நுரையீரல் டாக்டர். மற்றவர்களின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டும் போலீஸ்காரரைத் தெரிந்தவர் பார்த்துவிட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

என் கணக்கை விடுங்கள். ஸ்ரீநகரில் சுமார் 1,400 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டு, 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஃப்ளூவால் தங்களுக்கும் தங்களைச் சேர்ந்தவர்களுக்கும் ஆபத்து உண்டா என்று கேட்டதற்கு, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'உண்டு' என்றார்கள். ஊசி போட்டிருந்தவர்கள்? நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. பனி கொட்டும் ஊர், வருஷா வருஷம் ஃப்ளூ வந்து போகிற ஊர். அங்கேயே இந்தக் கதை என்றால் நம் ஊரைக் குறை சொல்லி என்ன பயன்?

இது இந்தியாவின் குணம் மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைப் பணியாளர்களுக்கு இந்த ஊசி இலவசம். வார்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள். கோவிட் பயம் உச்சத்தில் இருந்த 2020-21 குளிர்காலத்தில், நோயாளிகளை நேரில் கவனிக்கும் பணியாளர்களில் நான்கில் மூன்று பேர் போட்டுக்கொண்டார்கள். 2023-24-ல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காசு மட்டும் காரணமாக இருந்தால் அங்கே இப்படி நடக்காது, இல்லையா?

அப்படியானால் என்னதான் காரணம்? அத்தனை படித்தவர்களுக்குத் தெரியாதா?

இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றிய பதிலைச் சொல்கிறேன். நம் கிளினிக்குகளில் ஃப்ளூவுக்குப் பெயரே கிடையாது.

நீங்களே நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு என்று போய் நிற்கிறோம். டாக்டர் என்ன சொல்கிறார்? "வைரல் ஃபீவர்தான். ரெண்டு நாள் பாருங்க." எந்த வைரஸ் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுக்குப் பல ஆயிரம் ஆகும். ரிசல்ட் வருவதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் விட்டுவிடும். டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை என்று தெரிந்தால் அதோடு நிம்மதி. பத்திரிகைக்காரர்களான நாங்களும் எங்கள் பங்குக்கு 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம்.

வருஷம் பூராவும் ஃப்ளூ நோயாளிகளைப் பார்த்தும், அதை ஃப்ளூ என்று ஒருமுறைகூட எழுதாத டாக்டருக்கு, அதற்கு எதிரான ஊசி எப்படி ஞாபகம் வரும்? டைஃபாய்டைப் பார்க்கிறார், மஞ்சள் காமாலையைப் பார்க்கிறார், பெயரோடு பார்க்கிறார். அதனால்தான் மஞ்சள் காமாலை பி ஊசியை மெடிக்கல் காலேஜிலேயே தேடிப்போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி குத்தி ரத்தம் பட்டால் என்ன ஆகும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட பயம். ஃப்ளூவில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் அதே நோய்க்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் வந்தால் என்ன ஆகிறது? 2009-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஹைதராபாத்தில் முதல் நோயாளி. ஆகஸ்ட்டில் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்துபோனாள். மறுநாளிலிருந்து மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் கிடைக்கவில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் பெயர் தினமும் செய்தியில் வந்தது. 2015-ல் மறுபடியும் பெரிய அலை: நாடு முழுக்க 42,000 பேருக்கு மேல் உறுதியாகி, கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்தார்கள்.

பன்றிக் காய்ச்சலைத் தந்த அந்த எச்1என்1 வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை. 2010-லேயே அது சாதாரண சீசன் ஃப்ளூவில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இன்று நம் வீட்டில் 'வைரல் ஃபீவர்' என்று படுத்திருப்பவருக்கு இருப்பதும் அதே வைரஸாக இருக்கலாம். பெயரை மாற்றினால் பயம் போய்விடுகிறது, பாருங்கள்.

சுவாரஸ்யமான ஒரு விஷயம் சொல்கிறேன். 2010-ல் மத்திய அரசு அந்தப் பன்றிக் காய்ச்சலுக்கான ஊசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, முதலில் மருத்துவப் பணியாளர்களுக்குத்தான் கொடுத்தது. இலவசமாக! அப்போதே பல ஊர்களில் டாக்டர்கள் தயங்கினார்கள். 'இவ்வளவு அவசரமாகத் தயாரித்த ஊசி, பக்கவிளைவு எப்படியோ' என்றார்கள். ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியவர்களே கையை நீட்ட யோசித்தார்கள்.

அந்தத் தயக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவப் போகிறது என்று பயந்து, நாலு கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். பயந்த கொள்ளைநோய் வரவேயில்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்தில் ஒருவர் என்ற கணக்கில் கூடுதலாக, கை கால் செயலிழக்கிற கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்தது. திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மருத்துவம் படித்தவர்கள் இதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாத பயம் அவர்களுக்குத் தெரிவது அதனால்தான்.

பாடத்தின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. இப்போதைய ஃப்ளூ ஊசிகளில் அந்த அபாயம் இருந்தாலும் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதைவிட, ஃப்ளூ காய்ச்சல் வந்தே கில்லன்-பாரே வருவதற்கான வாய்ப்பு அதிகம். இந்தப் பின்பாதி பலருக்கு மறந்துபோகிறது.

டாக்டர்கள் என்னிடம் சொன்ன மற்ற காரணங்களையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"போட்டா அன்னிக்கே காய்ச்சல் வருது." வரலாம். ஒன்றிரண்டு நாள் கை வலி, லேசான சூடு, அசதி. ஆனால் அது ஃப்ளூ இல்லை. நம் ஊரில் பொதுவாகப் போடும் ஊசியில் இருப்பது உயிரில்லாத வைரஸ் துணுக்கு. அதனால் நோயைத் தர முடியாது. ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறு சளி பிடித்தாலும் பழி ஊசி மேல் விழுகிறது. இது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். டாக்டர்களே சொல்லும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

"வருஷா வருஷம் போடணுமே, அது என்ன வேக்சின்?" நியாயமான எரிச்சல். அம்மைக்குப் போட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் போதுமே! ஆனால் ஃப்ளூ வைரஸ் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிற ஜாதி. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்களைக் கூட்டி அடுத்த சீசனுக்கு எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. 'எல்லா வைரஸும் எனக்குப் பழகிவிட்டது' என்ற எங்கள் டாக்டரின் வாதம் உதைபடுவதும் இங்கேதான். போன வருஷத்துச் சட்டைதானே அவருக்குப் பழக்கம்?

"எந்த ஊசின்னே தெரியல. வடக்கு ரகமா, தெற்கு ரகமா?" இதைச் சொன்னவர் ஓர் அனுபவசாலி. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பூமியின் வடபாதிக்கு ஒரு ஊசி, தென்பாதிக்கு ஒரு ஊசி என்று வருஷத்தில் இரண்டு தயாராகிறது. நாம் நடுவில் மாட்டிக்கொண்ட தேசம். காஷ்மீருக்கு ஃப்ளூ சீசன் ஜனவரியிலிருந்து மார்ச். டெல்லிக்கும் புனேவுக்கும் தென்மேற்குப் பருவமழைக் காலம். சென்னையிலும் வேலூரிலும் பல வருஷக் கணக்கைப் பார்த்த ஆய்வாளர்கள், இங்கே உச்சம் அக்டோபர், நவம்பர் என்று கண்டார்கள். அதாவது நம் வடகிழக்குப் பருவமழை. என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்த அதே ஐப்பசி! ஆக, நமக்கு ஆவணி, புரட்டாசியில் போட்டுக்கொள்வது தோது. கடையில் அப்போது கிடைப்பதில் புதிதாக வந்தது எது என்று கேட்டு வாங்கினால் போதும். இவ்வளவு எளிமையாக ஒரு டாக்டருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பது சந்தேகம்தான். குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பெரியவர்களின் ஊசி பற்றிய பாடம் அவ்வளவு அழுத்தமாக இல்லை.

"முழுசா பாதுகாப்பு இல்லையே." ஆமாம், இல்லை. ரகம் நன்றாகப் பொருந்திய வருஷத்திலேயே, ஃப்ளூவோடு டாக்டரிடம் போகும் நிலையைப் பாதிக்குப் பாதி குறைக்கும், அவ்வளவுதான். பொருந்தாத வருஷத்தில் இன்னும் குறைவு. இதை மறைத்து 'போட்டால் ஃப்ளூவே வராது' என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகாமல் தடுக்கிறதே, வயதானவர் இருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமா?

இப்போது இன்னொரு கேள்விக்கு வருகிறேன். டாக்டர் போட்டால் என்ன, போடாவிட்டால் நமக்கென்ன?

1993-94 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 518 மருத்துவமனைப் பணியாளர்களின் ரத்தத்தைச் சீசனுக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு ஃப்ளூ வந்துபோன அடையாளம் இருந்தது. வேடிக்கை அதில் இல்லை. அப்படி வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு ஃப்ளூ வந்ததாகவே ஞாபகமில்லை. கால்வாசிப் பேருக்கு மேல், சளி இருமல்கூட வந்ததாக நினைவில்லை என்றார்கள். லேசாக வந்து, லேசாகப் போய்விட்டது. அந்த நாட்களில் வார்டில் எத்தனை பேரைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

எங்கள் டாக்டராவது இருமினார். நாங்கள் தள்ளி உட்கார்ந்தோம். இருமாத டாக்டரிடம் எப்படித் தள்ளி உட்காருவது? காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே ஃப்ளூ பரவும்.

அதே கிளாஸ்கோ பக்கம் முதியோர் இருக்கும் 20 மருத்துவமனைகளில் இன்னொரு சோதனை செய்து, 2000-ல் வெளியிட்டார்கள். பாதி இடங்களில் பணியாளர்களுக்கு ஊசி போட ஏற்பாடு. மீதி இடங்களில் இல்லை. ஏற்பாடு செய்த இடங்களில் அந்தக் குளிர்காலத்தில் இறந்த முதியோர் நூற்றுக்குச் சுமார் 14. மற்ற இடங்களில் சுமார் 22. இந்தக் கணக்கை எல்லா ஆராய்ச்சியாளர்களும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, 'இவ்வளவு வித்தியாசம் ஊசியால் மட்டும் வராது' என்பவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் பாட்டியின் படுக்கைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர் நோயோடு நிற்பதைவிட நோயில்லாமல் நிற்பது நல்லது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுமா என்ன?

டாக்டரின் ஊசி நமக்கு முக்கியம் என்பதற்கு இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. நாம் யாரைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்கிறோம்? விளம்பரத்தைப் பார்த்தா? இல்லை. நம் டாக்டர் சொன்னால் போடுகிறோம். தான் போட்டுக்கொண்ட டாக்டர்தான் பேஷண்ட்டுக்கும் எடுத்துச் சொல்கிறார் என்று பல நாட்டு ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. போடாதவருக்கு வாய் வருவதில்லை. வந்தாலும் குரலில் அழுத்தம் இருக்காது.

கோவிட் சமயத்தில் இதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். 2021 ஜனவரியில் மருத்துவப் பணியாளர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. ஆரம்ப நாட்களில் தமிழ்நாட்டில் மையங்கள் காற்றாடின. தானே டாக்டரான அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேமரா முன்னால் கையை நீட்ட வேண்டியிருந்தது. பிறகு ஏப்ரலில், ஜனங்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டே நாளில் அவர் மறைந்தது நம் எல்லோருக்கும் பேரிடி. ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு பிறகு சொன்னது. ஆனால் அந்த வாரம் எத்தனை பேர் முன்பதிவை ரத்து செய்தார்கள், எத்தனை வீடுகளில் 'வேண்டாம்' என்று பாட்டிமார் தடுத்தார்கள்! அப்போது பயத்தைத் தெளியவைத்தது எது? எங்கள் வீட்டில், இதே தெருமுனை டாக்டர்தான். "நான் ரெண்டு டோஸும் போட்டுட்டேன்மா, இதோ குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்" என்றார். மாமியார் மறுநாளே கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை பலம்! ஃப்ளூவில் அதே வாக்கியத்தை அவரால் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கட்டாயப்படுத்தலாமா? அமெரிக்காவின் சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் என்ற மருத்துவமனை 2005-ல் அப்படிச் செய்தது. ஊசி போடாதவர் வேலையில் இருக்க முடியாது என்றார்கள். நர்ஸுகள் சங்கம் எதிர்த்தது. இருந்தாலும் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிரட்டலில் உடன்பாடில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். புரட்டாசியில் ஒரு நாள், காலை ஷிஃப்ட் மாறும்போது, ஐஸ் பெட்டியோடு ஒரு நர்ஸ் வார்டு வார்டாக வரட்டும். டாக்டருக்கும் போடட்டும், ஆயாம்மாவுக்கும் போடட்டும், டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கும் போடட்டும். செலவை நிர்வாகம் ஏற்கட்டும். ஒரு டாக்டரோ நர்ஸோ நாலு நாள் லீவு போட்டால் ஆகிற நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு? 'வருமுன் காப்போம்' என்று அரசே திட்டத்துக்குப் பெயர் வைத்த மாநிலம் இது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் மருத்துவப் பணியாளர்களை முன்வரிசையில்தான் வைத்திருக்கிறது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

ஒரு ஊசி ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு வரை ஆகிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குப் பத்தாயிரம், அதுவும் வருஷா வருஷம். 'எல்லோரும் போடுங்கள்' என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் அது நடக்கிற காரியமா? அதனால் யாருக்கு முதலில் என்று யோசியுங்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள். சர்க்கரை, இதயம், சிறுநீரகம், வீசிங் என்று ஏதாவது உள்ளவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களுக்கு ஆறு மாதம் நிறைந்த பிறகுதான் போடலாம். ஒன்பது வயது ஆகாத குழந்தைக்கு முதல் முறை மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அப்புறம் கர்ப்பிணிகள். ஆறு மாதம் ஆகாத சிசுவுக்கு ஊசி கிடையாது என்பதால், வயிற்றில் இருக்கும்போதே தாய் மூலமாகப் போகிற பாதுகாப்புதான் அதற்கு முக்கியக் கவசம்.

இதய நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு உயர்கிறது என்று கனடாவில், 2018-ல் வெளியான ஆய்வில் கண்டார்கள். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஃப்ளூ ஊசி போட்டவர்களிடம் அடுத்த ஒரு வருஷத்தில் மரணம் குறைந்ததை, எட்டு நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த கார்டியாலஜிஸ்ட் இதை உங்களிடம் சொன்னாரா? பத்து மாத்திரை எழுதியவர் இந்த ஒரு ஊசியை எழுதினாரா? எழுதவில்லை என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான்.

நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறோமே, கபசுரக் குடிநீர் குடிக்கிறோமே என்று சிலர் எழுதுவீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் குடிக்கிறோம். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். ஊசியின் வேலையை ஊசிதான் செய்யும்.

டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தே நாம் வளர்ந்துவிட்டோம். 'அவருக்குத் தெரியாததா' என்று வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கி வருகிறோம். ஆனால் எங்கள் அனுபவத்தில் அன்பாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மாமியார் இந்த வருஷம் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கை வலி, மூன்றாம் நாள் மறந்துவிட்டார். போட்டது தெருமுனை டாக்டர்தான். அவர் ஊசியை எடுக்கும்போது மாமியார் விடவில்லை: "தம்பி, உங்களுக்கு?" அவர் சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் போட்டுக்கறேன்மா" என்றார். மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் போடவில்லை. மாமியார் தினமும் நினைவுபடுத்துகிறார். நானும் விடுவதாக இல்லை.

நீங்களும் அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் போகும்போது, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன், இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று ஒரு போஸ்ட் கார்டில் எழுதுங்கள். டாக்டரின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற டாக்டர்களே, உங்கள் கடிதங்களுக்கு முதலிடம் கொடுப்பேன். போட்டுக்கொண்டவர்கள் எழுதுங்கள். போட்டுக்கொள்ளாதவர்கள் ஏன் என்று மனம் திறந்து எழுதுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்